அர்கா ரக்ஷக் தக்காளி மட்டக்களப்பு மணலில் நிற்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். களுவாஞ்சிகுடிப் பக்கம் அரை ஏக்கர் மணல் நிலத்தில் இந்த மாரிக்குத் தக்காளி போட்டீர்கள். முதல் காய் பிடிக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் பச்சையாகவே வாடிப் போனது. மிஞ்சியதில் பலதும் இலை சுருண்டு நிற்கிறது. இந்தியாவில் அர்கா ரக்ஷக் என்று ஒரு கலப்பினத் தக்காளி இருக்கிறது, மூன்று நோயைத் தாங்கும், ஒரு செடியில் 19 கிலோ காய்த்தது என்று வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் அந்த விதையை எடுப்பிக்கலாமா, ஒருமுறை எடுத்தால் பழத்திலிருந்து விதை பிரித்து வருடாவருடம் போடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் இருக்கிறது. உங்கள் செடியைக் கொன்றது எந்த நோய்? அது தெரியாமல் எந்த விதையை வாங்கினாலும் காசு மணலுக்குள் போன மாதிரித்தான்.

நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையிலும் மேற்கே உள்ள படுவான்கரையிலும் மரக்கறித் தோட்டக்காரர்களோடு 20 வருடத்துக்கு மேல் திரிந்திருக்கிறேன். இனவிருத்தி ஆராய்ச்சி செய்தவன் இல்லை. அதனால் விதைக்குள் இருக்கும் மரபணுக்களைப் பற்றிச் சொல்வது படித்தது, நிலத்தைப் பற்றிச் சொல்வது கண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாடல். பச்சையாகவே வாடியது என்ற உங்கள் சொல் பற்றீரியா வாடலைத்தான் நினைக்க வைக்கிறது. ஆனால் சொல்லை வைத்தோ போட்டோவை வைத்தோ அதை முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய ஒரு கண்ணாடிக் கிளாசும் தெளிந்த தண்ணீரும் போதும். ஒரு தடவை வெல்லாவெளிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நோய் எதிர்ப்பு விதை என்று நம்பி மூன்று பைக்கற் வாங்கிப் போட்ட தோட்டம், இரண்டு கிழமைக்குள் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்து கிடந்தது. காலையில் வாடிய ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத்துக்குச் சவர பிளேட்டால் வெட்டினோம். அந்தத் துண்டை நூலில் கட்டி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் முட்டும்படி கிளாசுக்குள் தொங்கவிட்டோம். கிளாசை ஆட்டவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக நூல் நூலாக இறங்கத் தொடங்கியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். "என்ன மகன் இது, பால் கரையிற மாதிரி" என்றார் தோட்டக்கார அம்மா. அந்தப் பால்தான் பற்றீரியா. தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துக்கொண்டு பெருகி நிற்பதால்தான் மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது.

அந்த விதைப் பைக்கற்றை எடுத்துப் பார்த்தேன். நோய் எதிர்ப்பு என்று எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் அது இலைச்சுருள் வைரசுக்கான எதிர்ப்பு மட்டும்தான், வாடலுக்கு அதில் ஒன்றுமே இல்லை. விற்றவர் அதைச் சொல்லவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்கு மேலே, வாடலுக்கு என்று பூஞ்சண மருந்தையும் கொடுத்து இரண்டு தரம் ஊற்ற வைத்திருந்தார்கள். அந்த அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துச் செய்த தோட்டம் அது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. பற்றீரியா வாடல் வந்த செடியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. இது உறுதி. யார் எந்தப் போத்தலை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கிளாசில் நூல் இறங்காவிட்டால் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். தண்டின் கழுத்தில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், வெள்ளைப் பூஞ்சணமும் கடுகு மாதிரி மண்ணிற உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளரோசியம் என்ற பூஞ்சணம். மணல் பாங்கான சூட்டு நிலத்தில் அது நன்றாக வளரும். கடையில் விற்கிற எந்தத் தக்காளி இனத்திலும் அதற்கு நம்பக்கூடிய எதிர்ப்பு இல்லை. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, சில வேளை ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, மெதுவாக வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே மண்ணிறக் கோடு ஓடினால் பியூசேரியம் வாடல். அதற்கு நல்ல எதிர்ப்புள்ள கலப்பினங்கள் நிறைய உண்டு. வாடல் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், ஆனால் மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

சரி, அர்கா ரக்ஷக்குக்கு வருவோம். அது பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பினம். இலைச்சுருள் வைரசு, பற்றீரியா வாடல், இலையில் கரும்புள்ளி விழுந்து காய வைக்கிற முன் வெளிறல் என்ற மூன்றுக்கும் சேர்த்து எதிர்ப்பு வைத்து உருவாக்கினார்கள். பழம் 90 முதல் 100 கிராம், நல்ல சிவப்பு, தோல் கெட்டி, அதனால் தூரத்துக்கு ஏற்றினாலும் நசியாது. ஏறத்தாழ 140 நாள் பயிர். ஹெக்டயருக்கு 75 முதல் 80 தொன் வரை விளைச்சல் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இதெல்லாம் உண்மை, நல்ல வேலை. 19 கிலோ கதையும் செய்திகளில் வந்ததுதான். ஆனால் அது ஒரு செடியின் கணக்கு. 80க்கு 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் ஹெக்டயருக்கு 25,000 கன்று பிடிக்கும். 75 தொன்னை அதால் பிரித்துப் பாருங்கள், கன்றுக்கு 3 கிலோ. இனத்தை உருவாக்கியவர்களின் சொந்தக் கணக்கே அவ்வளவுதான், அதுவே மிக நல்ல விளைச்சல். 19 கிலோவை உங்கள் 5,000 கன்றால் பெருக்கிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

அதே நிறுவனம் பிறகு அர்கா அபேத் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் இலையையும் காயையும் கருக வைக்கிற பின் வெளிறலுக்கும் சேர்த்து நான்கு நோய்க்கு எதிர்ப்பு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பின் வெளிறல் குளிரும் பனியும் உள்ள இடத்தின் நோய். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் தோட்டம் செய்கிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை, நமக்கு இல்லை. விதை வாங்கும்போது எத்தனை நோய் என்று எண்ணுவதை விட, உங்கள் நிலத்து நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்தி.

சொந்தக்காரரின் பையில் விதை வருவது பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நடுகைப் பொருளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நோய் விதையோடும் வரும். தக்காளியில் வருடக்கணக்காக நம்பியிருந்த வைரசு எதிர்ப்பு ஒன்றை உடைத்துக்கொண்டு, பழத்தைச் சொறிபிடித்தது போலாக்குகிற ஒரு புதிய வைரசு 2014, 2015இல் இஸ்ரேலிலும் ஜோர்தானிலும் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நாடு நாடாகப் பரவியது. விதை வியாபாரம் அதற்கு ஒரு முக்கிய வழி. ஒரு பைக்கற் விதைக்காக ஒரு ஊரின் தோட்டங்களைப் பணயம் வைக்கக் கூடாது. சட்டப்படி இறக்கி, இங்கே விற்கிற கலப்பினங்களுக்குள்ளேயே உங்களுக்குத் தேவையான எதிர்ப்பு உள்ளதைத் தேடலாம்.

தேடும்போது பைக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல கம்பனிகள் எச்.ஆர்., ஐ.ஆர். என்று இரண்டு எழுத்துக்களைப் போட்டு, பக்கத்தில் நோய்களின் குறியீட்டைப் போடுவார்கள். எச்.ஆர். என்றால் உயர்ந்த எதிர்ப்பு. ஐ.ஆர். என்றால் இடைத்தர எதிர்ப்பு, அதாவது நோய் வரும், ஆனால் சாதாரண இனத்தை விடக் குறைவாக வரும். ஆர்.எஸ். என்ற குறியீடு பற்றீரியா வாடல், டி.வை.எல்.சி.வி. என்பது மஞ்சள் இலைச்சுருள் வைரசு, எப்.ஓ.எல். என்பது பியூசேரியம். உங்களுக்கு முதல் இரண்டும் வேண்டும். எந்த நோய் என்று பெயர் போடாமல் "நோய் எதிர்ப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

இனி, எதிர்ப்பு என்பது எவ்வளவு தூரம் நம்பக்கூடியது? இங்கேதான் பெங்களூருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் வித்தியாசம் வருகிறது. ஹெசரகட்டா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீற்றர் உயரம். நாம் இருப்பது கடலோடு. பற்றீரியா வாடல் 30 முதல் 35 பாகை வெப்பத்தில்தான் மிக வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில், தண்ணீரும் தேங்கினால், எதிர்ப்புள்ள இனத்திலும் செடிகள் விழும். தக்காளியில் வாடல் எதிர்ப்பு ஒரே மரபணுவில் இருப்பதில்லை, பல இடங்களில் சிதறி இருக்கிறது. பற்றீரியாவிலும் இடத்துக்கு இடம் வகை மாறும். ஆகையால் ஓரிடத்தில் தாங்கிய இனம் இன்னோரிடத்திலும் அதே மாதிரித் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. உங்கள் நிலத்தில் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

மணல் நிலத்துக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. வாடிய செடியின் வேரை மெதுவாகக் கிளப்பித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நெமற்றோடு, கண்ணுக்குத் தெரியாத புழு. மணல் அதற்குச் சொந்த வீடு. அது வேரில் போடும் காயங்களுக்குள்ளால்தான் பற்றீரியா லேசாக நுழைகிறது. வாடல் எதிர்ப்புள்ள இனமும் இந்தப் புழு மிகுந்த நிலத்தில் விழுந்துவிடும். நெமற்றோட்டுக்கு எதிர்ப்பான ஒரு மரபணு தக்காளிக்குள் காட்டினம் ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்டு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசுகிற நாளில் எழுவான்கரை மணலில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவருக்கு, அந்த மரபணு இங்கே எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புழுவுக்கு மாட்டெருவும் பயிர்ச் சுழற்சியும்தான் கைகொடுக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றிப் போடுவது சுழற்சி இல்லை, மூன்றும் ஒரே குடும்பம். வாடலைத் தணிக்க இரண்டு மூன்று போகத்துக்குச் சின்ன வெங்காயம், சோளன் என்று போட்டு வாருங்கள். புழு மிகுந்த இடத்தில் இடையில் சணலை விதைத்து, பூக்கும் நேரம் மண்ணோடு புரட்டுங்கள்.

எனக்குக் கேட்டால், வாடல் உறுதியான நிலத்துக்கு விதைப் பைக்கற்றை விட ஒட்டுக் கன்றுதான் பெரிய துணை. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் இந்த வேலையைத்தான் வெப்ப நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும் கத்தரியின் வேரில் தக்காளியை ஒட்டுவது. அவர்கள் தேர்ந்தெடுத்த கத்தரி வகைகளில் ஒன்று ஈ.ஜி. 203. நமது வேலிகளில் நிற்கிற சுண்டங்கத்தரியும் வாடலையும் நெமற்றோட்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அது முளைக்க நிறையப் பொறுமை வேண்டும். எல்லாக் கத்தரியும் தாங்காது என்பதை மறக்க வேண்டாம். தக்காளி செத்த அதே இடத்தில் வாடாமல் நின்ற கத்தரி எது என்று பக்கத்துத் தோட்டங்களில் விசாரியுங்கள்.

செய்முறை கஷ்டமில்லை, கைப்பழக்கம் வேண்டும். கத்தரி மெதுவாக வளர்வதால் அதைச் சில நாள் முந்தியே போட வேண்டும். இரண்டின் தண்டும் ஏறக்குறைய ஒரே தடிப்பாக, தீக்குச்சியை விட மெல்லியதாக, இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போது ஒட்ட வேண்டும். புது பிளேட்டால் கத்தரியின் தலையைச் சரிவாக வெட்டுங்கள். அதே சரிவில் தக்காளியின் அடியையும் வெட்டுங்கள். ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு மெல்லிய இறப்பர் ரியூப்பைக் கத்தரித் தண்டில் பாதி இறக்கி, மற்றப் பாதிக்குள் தக்காளியைச் செருக வேண்டும். சைக்கிள் வால்வு ரியூப்பே காணும். இரண்டு வெட்டுவாயும் இடைவெளி இல்லாமல் முட்டியிருக்க வேண்டும், அதுதான் முழு வித்தையும். பிறகு பொலித்தீன் மூடிய, நிழலான, ஈரம் போகாத சின்னக் கூடாரத்துக்குள் மூன்று நான்கு நாள் திறக்காமல் வைத்து, அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் வெளிச்சமும் காட்டி, பத்து நாளளவில் வெளியே எடுக்கலாம். முதல் தடவை பாதி செத்தால் மனம் விடாதீர்கள், இரண்டாம் மூன்றாம் தடவையில் கை திருந்திவிடும். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அது புதைந்தால் தக்காளித் தண்டிலிருந்து வேர் விட்டு, ஒட்டியதே வீண். ஒட்டுக்குக் கீழே கத்தரித் துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். வேர்தான் கத்தரி, மேலே நிற்பது தக்காளியே. இலைச்சுருளுக்கு எதிர்ப்பு வேண்டுமென்றால் மேலே ஒட்டுகிற தக்காளிக்கு அது இருக்க வேண்டும்.

இலைச்சுருளுக்கு வருகிறேன். இதைப் பரப்புவது வெண் ஈ. இலங்கையில் பிரித்தெடுத்த ஒரு தக்காளி இலைச்சுருள் வைரசு இந்த நாட்டின் பெயரையே கொண்டிருக்கிறது. இந்தியாவில் உள்ளவை அதன் உறவுகள், அதே ஆள் இல்லை. ஆகவே அங்கே சோதித்த எதிர்ப்பு இங்கே ஓரளவு உதவும் என்று எதிர்பார்க்கலாம், முழுதாக நம்பக் கூடாது. எதிர்ப்புள்ள இனம் போட்டாலும் நாற்றுமேடையை நுண்ணிய வலையால் மூடுங்கள். நட்டு முதல் ஐந்தாறு கிழமைக்குள் வைரசு ஏறினால் அந்தச் செடியில் காய் இல்லை. அதற்குப் பிறகு ஏறினால் சேதம் குறைவு. பறித்து முடிந்த பழைய தோட்டத்தை நிற்க விட்டுப் பக்கத்திலேயே புதுக் கன்று நடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற பெரிய பிழை.

ஆனால் உங்கள் செடிகளில் சுருண்டது வைரசுதானா? குருத்து இலைகள் சிறுத்து, விளிம்பு மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குவிந்து, செடி குட்டையாக நின்றால் வைரசு. அடி இலைகள் மட்டும் தடித்து உருண்டு, குருத்து நன்றாக இருந்தால் அது வெயிலும் தண்ணீர்க் குறைவும், பயப்பட வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. குருத்து வெங்காயத்தாள் மாதிரி ஒடுங்கி முறுக்கிக்கொண்டு, பக்கத்தில் வயல் இருந்து, அங்கே எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி அடித்த ஒன்றிரண்டு கிழமைக்குள் இது வந்தால், காற்றோடு வந்த மருந்துதான் காரணம். நெல்லுக்கு ஒன்றும் செய்யாத அளவே தக்காளிக்கு அதிகம். களைநாசினி அடித்த அதே தாங்கியால் தக்காளிக்கு மருந்து அடித்தாலும் இதேதான் நடக்கும். படுவான்கரையில் இதை வைரசு என்று நினைத்துப் பிடுங்கி எறிந்த தோட்டங்களைக் கண்டிருக்கிறேன்.

விதை எடுத்து வைப்பது பற்றி. கலப்பினத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை முளைக்கும், காய்க்கும், ஆனால் ஒன்று போல இருக்காது. எதிர்ப்பு தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ஒரு மரபணுவாக இருந்தால், அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு கன்றுக்கு அது அறவே இருக்காது. வாடல் எதிர்ப்பு மாதிரிப் பல மரபணுவில் சிதறியதோ இன்னும் கலைந்துபோகும். விதை எடுத்து வைக்க விருப்பமென்றால், விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, ரி-245 மாதிரிக் கலப்பினமல்லாத இனங்களைப் போடுங்கள். தக்காளி தன் பூவிலேயே மகரந்தம் சேர்க்கிற பயிர், அதனால் இனம் கெடாமல் விதை எடுக்கலாம். திலின வாடலை ஓரளவு தாங்கும் என்பதற்காகவே நான் நெடுநாள் பரிந்துரைத்த இனம். விளைச்சலில் கலப்பினத்துக்கு நிற்காது, ஆனால் விதைச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

அடுத்த மாரிக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் அரை ஏக்கரையும் தக்காளியால் நிரப்ப மாட்டேன். வாடல் விழாத பக்கமாகப் பார்த்து, உயர்த்திய பாத்தியில், வாடலும் சுருளும் இரண்டும் குறித்த ஒரு கலப்பினத்தில் இரண்டு வரிசை, அதையே கத்தரியில் ஒட்டி இரண்டு வரிசை, திலினவில் இரண்டு வரிசை போட்டு எண்ணிப் பார்ப்பேன். நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் போட்டு, பெருமழை தணிய மார்கழி முடிவில் நடுவேன். கச்சான் தொடங்கி, இரவும் 25 பாகைக்குக் குறையாமல் நிற்கத் தொடங்கினால் பூ உதிரும். அதற்கு முன்னரே பறித்து முடிய வேண்டும்.

இப்போதைக்கு, வாடுகிற செடிகளில் ஒன்று இரண்டாவது நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ எறிந்துவிடாதீர்கள், தண்ணீரோடு நோய் முழு நிலத்துக்கும் போகும். நாளைக் காலையில் ஒன்றை வேரோடு கிளப்பி, தண்டைக் கிளாசிலும் வேரை வாளித் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். நூல் இறங்கியதா, முடிச்சு இருந்ததா, கழுத்தில் வெள்ளை இருந்ததா என்று எழுதுங்கள். எந்த விதை என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.